ஓட ஓட சரியாயிடுமா?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளுக்குச் சுமையும் அதிகம், அவசரமும் அதிகம். மீன் கூடை, ஐஸ் பெட்டி கட்டிய வண்டியில் ஒழுகும் உப்புத் தண்ணீர் பிரேக் கேபிளையும் டிரம்மையும் துருப்பிடிக்க வைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு பிரேக் வேலை அடிக்கடி வரத்தான் செய்யும்.

பிரச்சினை வேலை முடிந்த பிறகு வருகிறது. "என்னண்ணே, பிரேக் முன்ன மாதிரி பிடிக்கலையே?" என்று கேட்டால் ஊருக்கு ஊர் ஒரே பதில்: "ஓட ஓட செட் ஆயிடும்!"

இது முழுப் பொய் இல்லை. அதனால்தான் ஆபத்து!

புது பிரேக் ஷூவோ டிஸ்க் பேடோ போட்டால், அதன் மேற்பரப்பு டிரம்மோடும் டிஸ்க்கோடும் முழுதாகப் படியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதுவரை பிடிப்பு சற்றுக் குறைவாக இருக்கும். வாட்டர் சர்வீஸ் முடிந்து வரும்போது பிரேக் வழுக்கினால், மெதுவாக ஓட்டி நாலைந்து முறை லேசாக அழுத்தினால் ஈரம் காய்ந்து சரியாகும். இந்த இரண்டுக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

ஆனால் கீழே உள்ளவை எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் சரியாகாது.

1. லீவரோ பெடலோ பஞ்சு மாதிரி அமுங்கினால், பெரும்பாலும் ஆயில் லைனில் காற்று இருக்கிறது. பிரேக் ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். அழுத்தும் விசை காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். மறுபடி ஏர் எடுக்க வேண்டும்.

2. புது பேடு போட, காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள். பிறகு லீவரைப் பலமுறை அழுத்தி பிஸ்டனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை மறந்தால் முதல் தடவை பிரேக்கே இருக்காது! நின்ற இடத்திலேயே செய்யவேண்டிய வேலை இது.

3. சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சுற்றும்போது சக்கரம் இறுக்கமாக நின்றால், பிரேக்கை அளவுக்கு மேல் டைட் வைத்திருக்கிறார்கள். ஓட ஓட டிரம் சூடாகும்.

4. ஷூவில் கிரீஸோ ஆயிலோ பட்டிருந்தால் பிடிப்பு வராது. தானாகவும் போகாது.

5. டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் கம்பியின் நட்டு திரும்ப மாட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடாத வேலையிலும் பிரேக் கெடலாம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக் இன்று கெட்டால், கடைசியாகக் கைவைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதைவிட எளிது, பணம் கொடுக்கும் முன் கடை வாசலிலேயே மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பார்ப்பது.

இதில் வாடிக்கையாளர் தப்பும் உண்டு. லேபர் சார்ஜில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். அந்த ஐம்பது ரூபாயில்தான் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும் நேரமும் அடங்கியிருக்கிறது! பில் வேண்டாம் என்பதும் அதே சிக்கனம்தான். வேலை செய்ததற்கு ஆதாரமே இல்லாவிட்டால் எதை வைத்துக் கேட்பது?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த சேவைக்கு பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. சேவையில் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். மறுபக்கம், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவின்படி, சாதாரணக் கவனம் இருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான பழுதோடு வண்டியைச் சாலையில் ஓட்டியவர்தான் குற்றவாளி. "மெக்கானிக் சொன்னாரே" என்பது அங்கே எடுபடுவது கடினம்.

எஞ்சின் மக்கர் பண்ணினால் வண்டி நிற்கும். பிரேக் மக்கர் பண்ணினால் வண்டி நிற்காது. அதனால் "ஓட ஓட செட் ஆயிடும்" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கண்ணே!" தயங்காமல் சாவியை வாங்கினால் பணத்தைக் கொடுக்கலாம். தயங்கினால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.