வீடியோ கேம் முழுநேரப் பிழைப்பாகுமா?



சென்ற ஆண்டு ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்தார். மகன் கல்லூரியில் முதலாம் ஆண்டு பயில்பவன். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவன். "ஹஜ்ரத், இவன் படிப்பை விட்டுவிட்டுக் கைப்பேசியில் கேம் ஆடியே சம்பாதிக்கப் போகிறானாம். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார் தந்தை.

நான் சற்றும் யோசிக்காமல், "அது சூதாட்டம், ஹராம்" என்றேன். பையன் அமைதியாகக் கேட்டான்: "நான் பணம் வைத்து ஆடவில்லையே ஹஜ்ரத்? போட்டி நடத்துபவர்கள்தாம் பரிசு தருகிறார்கள். இது எப்படிச் சூதாட்டமாகும்?" என்னிடம் விடை இல்லை, குரலை மட்டும் உயர்த்தினேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் இளைஞர் வகுப்புக்கு அவன் வரவில்லை.

அறியாத ஒன்றுக்குத் தீர்ப்பு வழங்கியது என் பிழை. அதற்குப் பரிகாரமாக, நான் பின்னர் படித்தும் இளைஞர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பையன் கேட்ட கேள்வி நியாயமானது. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் திறன் போட்டிகளை விளையாட்டாக ஏற்றது. 2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவற்றுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சரியன்று.

எனினும் நாட்டின் சட்டம் அனுமதித்ததனாலேயே மார்க்கத்தின் கேள்வி தீர்ந்துவிடாது. பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டியது. ஆடுபவர் எல்லாரும் கட்டிய நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி வென்றவருக்குக் கொடுத்தால் அது கிமார், அதில் ஐயமில்லை. வெளியார் ஒருவர் பரிசளிக்கும் போட்டிகளைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குதிரையேற்றம், ஒட்டகப் பந்தயம், அம்பெய்தல் ஆகியவற்றுக்கே பரிசுப் பந்தயம் உண்டு என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை வைத்துப் பலர் இதைக் குறுக்கியே பார்க்கின்றனர். உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம், போட்டியின் விதிமுறைகளைக் கையில் எடுத்துச் சென்று கேளுங்கள்.

இனி, பிழைப்பின் கேள்விக்கு வருவோம். என் கருத்தில், இத்தொழிலின் பெரிய பலவீனம் வருமானம் குறைவு என்பதன்று. காலுக்குக் கீழே உள்ள நிலம் பிறருடையது என்பதே.

கபடிக்கு உரிமையாளர் இல்லை. ஒரு சங்கம் கலைந்தாலும் மைதானத்தில் கோடு கிழித்து ஆடலாம். வீடியோ கேம் அப்படியன்று. அது ஒரு நிறுவனத்தின் சொத்து. 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அதற்கு மாற்றாக 2021-இல் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டு, ஏறத்தாழ 10 மாதங்கள் கழித்து 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. அந்தப் 10 மாதங்களில் அதை மட்டுமே நம்பியிருந்தவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

தடை இல்லாத இடத்திலும் நிலைமை உறுதியன்று. டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டியில் 2021-இல் மொத்தப் பரிசு 4 கோடி டாலர். 2023-இல் அதே போட்டியின் பரிசு ஏறத்தாழ 30 லட்சம் டாலராகச் சுருங்கியது. ஆடியவர்களின் திறமை குறையவில்லை. ரசிகர்கள் வாங்கும் பொருள்களின் விற்பனையில் ஒரு பங்கைப் பரிசில் சேர்க்கும் ஏற்பாட்டை நிறுவனம் மாற்றியது, அவ்வளவுதான்.

உடலும் இதில் ஒரு முதலீடு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் புகழ்பெற்ற சீன வீரர் ஊஸி, 2020-இல் 23 வயதில் ஓய்வை அறிவித்தார். இரண்டாம் வகை நீரிழிவு நோயையும் அவர் காரணமாகச் சொன்னார். பின்னர் அவர் களத்துக்குத் திரும்பினார் என்றாலும், இவ்வளவு இளம் வயதில் அந்த நோய் வந்தது நமக்கு எச்சரிக்கை. இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைக்கு ஃபஜ்ர் தவறுவதைப் பார்த்து நாம் வருந்துகிறோம்; தூக்கமும் உணவும் தவறுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் கதவை அடைத்துவிடலாமா? கூடாது. இந்த விளையாட்டுகளைச் சுற்றி நிரல் எழுதுதல், வரைகலை, காணொளித் தொகுப்பு, போட்டி மேலாண்மை எனப் பல வேலைகள் இருக்கின்றன. அவை ஒரு விளையாட்டோடு அழிந்துவிடாத கைத்தொழில்கள். கைத்தொழிலால் உண்ட தாவூத் (அலை) அவர்களைப் பெருமானார் (ஸல்) எடுத்துக்காட்டியதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஆகவே முடிவாக என் கருத்து இது: தொழில்முறை கேமிங் ஒரு சிலருக்குச் சில ஆண்டுகள் சோறு போடும், பெரும்பாலோருக்கு முழுநேரப் பிழைப்பாகாது. படிப்பை விட்டுவிட்டு அதில் இறங்குவது தவறு. படிப்போடு, தொழுகை தவறாமல், வரம்பு வைத்து முயல விரும்பும் பிள்ளையிடம் ஓராண்டுக் கணக்கைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு? வாழ்நாளையும் இளமையையும் எதில் கழித்தோம் என்று மறுமையில் கேட்கப்படும் என்று ஹதீஸில் வருகிறதல்லவா? அந்தக் கணக்கை இங்கேயே எழுதிப் பழகட்டும்.

சில மாதங்களுக்கு முன் நான் அந்தப் பையனின் வீட்டுக்குச் சென்றேன். "உன் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை, கோபப்பட்டது என் தவறு" என்றேன். அவன் தலை குனிந்துகொண்டான். பிறகு ஒரு நோட்டை எடுத்து வந்து இருவரும் கணக்குப் போட்டோம். ஓராண்டில் அவன் வென்ற பரிசு, அதற்காக வாங்கிய கைப்பேசியின் விலையைக்கூட எட்டவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவனே கூட்டிப் பார்த்துச் சொன்னான். இப்போது கல்லூரிக்குச் செல்கிறான். விடுமுறை நாள்களில் ஆடுகிறான். காணொளித் தொகுப்பும் கற்கிறான். வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் வருகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

நான் முதல் நாளே அந்த நோட்டை எடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது, ஃபத்வாவுக்கு முன் நோட்டை எடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத் நிறைந்த ரிஸ்க்கை அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.