கர்ப்பிணியின் தாகம் யார் கணக்கில்?

வெள்ளவத்தைக் காலி வீதியில் அந்தி சாய்ந்ததும் யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. குளிரூட்டிய வண்டி, சாயும் ஆசனம், படம் காட்டும் பெட்டி என்று விளம்பரத்துக்குக் குறைவில்லை. களனி ஆற்றைக் கடந்து, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தை ஓர் இரவில் ஓடி முடிக்கும் இவ்வண்டியில், வயிற்றில் பிள்ளையைச் சுமந்த பெண் ஒருத்தி ஏறவேண்டுமானால் அவள் செய்யும் முதல் ஆயத்தம் எது? நண்பகல் முதலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள்!

ஏன் நிறுத்துகிறாள்? வளரும் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்தும் மாதங்கள் அவை. வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் மலசலகூடம் இல்லை. வண்டி எங்கே நிற்கும், எப்போது நிற்கும் என்பது சாரதியின் சித்தம். நின்ற இடத்தில் ஆண்கள் வேலியோரம் ஒதுங்கிவிடுவர். பெண் எங்கே ஒதுங்குவாள்? தேநீர்க் கடையின் பின்புறத்தில் வெளிச்சமும் தண்ணீரும் இல்லாத அறைக்குள் நுழைவதிலும் தாகத்தோடு இருப்பதே மேல் என்று அவள் முடிவு செய்கிறாள். அந்த முடிவுக்கு அவளைத் தள்ளியவர்கள் யார் என்பதே நமது கேள்வி.

தாகத்தின் விலையை மருத்துவம் நன்கு அறியும். நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருப்பவளைச் சிறுநீர்த் தொற்று எளிதிற் பற்றும். கர்ப்பகாலத்தில் அது சிறுநீரகம்வரை ஏறினால் மாதம் நிறையுமுன் பேறு நேரவும் கூடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது இருப்போரின் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. கர்ப்பிணிக்கு அவ்வபாயம் மற்றவரிலும் பன்மடங்கு. நாவறண்டு, கால் மடக்கி, எட்டு மணி நேரம் அவளை இருத்திவைப்பது சொகுசுப் பயணமா? தண்டனை அல்லவா?

நமது பெண்கள் இதனினும் கொடிய பயணங்களைக் கண்டவர்கள்தாம். 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஆம் ஆண்டில் நின்றது. கிளாலிக் கடல்நீரேரியை இரவிரவாகப் படகிற் கடந்த கூட்டத்தில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அன்று வேறு வழியில்லை. 2014 ஆம் ஆண்டில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது, வீதிகள் செப்பனிடப்பட்டன. போர்க்காலத்துப் பொறுமையை இன்னும் பெண்களிடம் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

“இதெல்லாம் பெண்கள் சமாசாரம், அரசியல் ஏட்டில் எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்களை நாம் கேட்கிறோம்: நிறைசினைப் பசுவை லொறியில் ஏற்றி இரவு முழுதும் தண்ணீர் காட்டாமல் கொண்டுசெல்ல நமது கமக்காரர் எவராவது ஒருப்படுவாரா? மாட்டார். கன்றின் அருமை அவருக்குத் தெரியும். அதே கமக்காரர், கொழும்பிலிருக்கும் மகள் தலைப்பிள்ளைக்கு வரும்போது, “எந்த பஸ்ஸில் ஆசனம் போட்டாய்?” என்று மட்டுமே கேட்கிறார். பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணியும் இவ்விடயத்தில் கமக்காரரை விஞ்சிவிடவில்லை. மனைவியை வண்டியில் ஏற்றிவிட்டுக் கையசைத்ததோடு கடமை முடிந்ததென்று கந்தோருக்குத் திரும்புகிறார்கள்.

சட்டம் செய்யும் கொடுமை இன்னொன்று. 1939 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பேற்றுக்கு முன்னர் இரண்டு கிழமையும் பின்னர் பத்துக் கிழமையும் விடுமுறை வகுத்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றாம் பிள்ளைக்கும் அதே உரிமையைத் தந்தது, நல்லது. ஆனால் முன் விடுமுறை இரண்டு கிழமையாகவே நின்றது. 36 ஆம் கிழமைக்குப் பின்னர் நெடும்பயணம் வேண்டாம் என்கிறது மருத்துவம். 38 ஆம் கிழமையிற்றான் வீட்டுக்குப் போகலாம் என்கிறது சட்டம்! வருடாந்த விடுமுறையை மிச்சம் பிடித்துவைத்தவள் தப்பினாள். மற்றவள் நாளை எண்ணிக்கொண்டு இரவு வண்டி ஏறவேண்டும். அண்டை நாடாகிய இந்தியாவில் 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரு பிள்ளைகளுக்கு 26 கிழமை விடுமுறை உண்டு. அதில் எட்டுக் கிழமையைப் பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். இங்கு ஏன் முடியாது?

“கொழும்பிலேயே பெற்றுக்கொண்டால் என்ன? 1879 ஆம் ஆண்டு முதல் டி சொய்சா வைத்தியசாலை இருக்கிறதே” என்பார் சிலர். இருக்கிறது, அங்கு பெற்றுக்கொள்வோரும் உண்டு. ஆனால் பெற்றபின் கொட்டாஞ்சேனையின் ஓரறைக் குடித்தனத்தில் அவளுக்குப் பத்தியம் சமைப்பவர் யார்? இரவில் பிள்ளையை ஏந்துபவர் யார்? தாய் வீடு அவளுக்குத் துணை. தன் மொழியில் ஆறுதல் சொல்லும் இடம். அங்கே போகும் உரிமையை விட்டுவிடு என்பது விடையாகாது. அட்டனுக்கும் மட்டக்களப்புக்கும் போகும் பெண்ணுக்கும் இதுவே வழக்கு.

அரசு திருந்தும்வரை வீட்டார் வாளாவிருக்க வேண்டியதில்லை. 14 ஆம் கிழமைக்கும் 28 ஆம் கிழமைக்கும் இடைப்பட்ட காலமே பயணத்துக்கு இலகுவானது. பேற்றுக்கே போவதானால் 36 ஆம் கிழமைக்கு முன்னர் போய்ச் சேருங்கள். புறப்படுமுன் வைத்தியரைக் கேளுங்கள். இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், இரட்டைப்பிள்ளை, முன்னர் குறைமாதப் பேறு ஆகியன இருப்பின் அவர் அனுமதியின்றிப் பயணமே வேண்டாம். புகையிரதம் கிடைக்குமாயின் அதையே தேர்ந்தெடுங்கள். எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு. பஸ்ஸாயின் சில்லுக்கு மேலுள்ள ஆசனத்தைத் தவிர்த்து நடுப்பகுதியில் இருத்துங்கள். ஆசனப் பட்டி வயிற்றின் கீழே, தொடைமீது படியட்டும். முதுகுக்கு ஒரு தலையணை, கையில் தண்ணீர், எளிய உணவு. இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும். இருக்கையிலும் பாதங்களைச் சுழற்றட்டும். கர்ப்பகாலப் பதிவேடு பெட்டிக்குள் அன்றிக் கைப்பைக்குள் இருக்கட்டும். இங்குள்ள மருத்துவ மாதுக்கும் அங்குள்ள மருத்துவ மாதுக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள். கூடவே ஒருவர் போகட்டும்.

வழியில் இரத்தமோ நீரோ கசிந்தால், தலைவலி கடுத்துக் கண் மங்கினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், ஊர் வரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி எங்கும் வைத்தியசாலை உண்டு. 2016 ஆம் ஆண்டில் தொடங்கி 2018 ஆம் ஆண்டில் வடக்கிற்கும் வந்த சுவசெரிய அவசர வண்டியை 1990 என்ற இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நாம் கேட்பவை நான்கு. ஒன்று: இரண்டு மணிக்கு ஒருமுறை, குறித்த இடத்தில், வெளிச்சமும் தண்ணீரும் பூட்டும் உள்ள பெண்கள் மலசலகூடம் இருக்கும் இடத்தில், இரவு வண்டி நிற்க வேண்டும், வீதி அனுமதிப் பத்திரத்திலேயே இது நிபந்தனையாக வேண்டும். இரண்டு: கர்ப்பிணிக்கென பஸ்ஸிலும் புகையிரதத்திலும் ஒதுக்கும் ஆசனம் கடைசிவரை வேறெவருக்கும் விற்கப்படலாகாது. மூன்று: அவள் கேட்ட இடத்தில் வண்டியை நிறுத்த மறுக்கும் சாரதிக்குத் தண்டம் வேண்டும். நான்கு: பேற்றுக்கு முந்திய விடுமுறை, பின் விடுமுறை குறையாமல், ஆறு கிழமையாக நீள வேண்டும்.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. மனம் வேண்டும். வாக்குக் கேட்டு வடக்கிற்கும் கிழக்கிற்கும் மலைநாட்டுக்கும் அதே வீதிகளில் ஓடும் தலைவர்களே, அடுத்த முறை உங்கள் வாகனம் ஓர் இரவு வண்டியை முந்திச் செல்லும்போது, அதன் கண்ணாடியோரத்தில் ஒரு பெண் தாகத்தோடு விழித்திருக்கக்கூடும் என்பதை நினையுங்கள். அவள் சுமப்பது நமது நாளைய தலைமுறையை. அவளுக்கு ஒரு குவளை தண்ணீரை அச்சமின்றிக் குடிக்கும் உரிமையைப் பெற்றுத் தர இயலாதவர்கள், வேறு எந்த உரிமையைப் பெற்றுத் தரப் போகிறீர்கள்?