கூரை மேல் ஒரு குற்றாலம்!

குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், வண்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். மதுரையிலிருந்து வருகிறார்கள், சென்னையிலிருந்து வருகிறார்கள், மலை தாண்டிக் கேரளத்திலிருந்து வருகிறார்கள். அருவிக்குத் தலையைக் கொடுக்கிறார்கள். உடல் குளிர, உள்ளம் குளிர ஊர் திரும்புகிறார்கள். நல்லது, குளிக்கட்டும். ஆனால் தோழர்களே, அதே மலை, அதே மேகம், அதே மழை கடையநல்லூரில் நம் வீட்டுக் கூரை மீதும் கொட்டுகிறதே, அந்த அருவியைக் கண்டவர் யார்? கண்டு கையேந்தியவர் யார்? ஓட்டின் மீது விழுகிறது, தாழ்வாரத்தில் வழிகிறது, தெருவில் ஓடுகிறது, சாக்கடையில் கலக்கிறது. மலையிலிருந்து விழுந்தால் அருவி. மாடியிலிருந்து விழுந்தால் சாக்கடையா?

கடையநல்லூர் வறண்ட பாலையில் பிறந்த ஊர் அல்ல. மேற்கே நிமிர்ந்து நிற்கிறது மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் கருப்பாநதி அணை. சூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்றுச் சாரலைத் தூவுகிறது. அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வாசலைத் தட்டுகிறது. ஆண்டுக்கு இருமுறை வானம் வாரி வழங்குகிற வட்டாரம் இது. எனினும் கோடை வந்தால் குழாயடியில் குடம் நிற்கிறது. குடத்துக்குப் பின்னால் நம் வீட்டுப் பெண் நிற்கிறாள்.

அவள் நிற்கும் நேரத்துக்கு விலை உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் கிடையாது; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தருகிற கூலி. குழாயடியில் கழிந்த நேரத்துக்குச் சுற்றாமல் போன பீடி எத்தனை? தறியில் உட்கார்ந்த கணவனுக்கு நூல் எடுத்துக் கொடுக்க முடியாமல் போன பொழுது எத்தனை? தண்ணீருக்குக் காசு இல்லை என்கிறோம். யார் சொன்னது இல்லையென்று? அந்தக் காசை அவள் தன் கூலியிலிருந்து கட்டுகிறாள்! ரசீது தரத்தான் ஆளில்லை.

கணக்குப் பார்ப்போமா? பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன் மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். கூரை உறிஞ்சியது, வெளியே தெறித்தது, அழுக்கோடு போனது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள். மிச்சம் 740 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் ஏறத்தாழ ஐம்பது குடம்! ஒரு மழைக்கு ஐம்பது குடம். ஆண்டுக்கு 70 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் ஒரு கூரைக்கு 52,000 லிட்டர். பத்தாயிரம் கூரைகள் ஏந்தினால் 52 கோடி லிட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90,000 பேர் வாழும் இந்த ஊரில், இத்தனை நீரையும் ஏந்த ஆளில்லாமல் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, குழாயில் காற்று வருகிறது என்று கோபப்படுகிறோம்.

ஏந்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகரமே சாட்சி. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019 கோடையில் தாகத்தில் தவித்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தன. அந்த ஆண்டு சூலை 12-ஆம் நாள், 200 கிலோமீட்டருக்கு அப்பால் சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு ரயில் வந்தது. வரவேற்றார்கள், வாழ்த்தினார்கள். தவித்த வாய்க்குத் தண்ணீர் தந்த ரயிலை நாமும் வாழ்த்துகிறோம். ஆனால் அந்த ரயில் முழுவதும் சுமந்த நீர் எவ்வளவு தெரியுமா? ஒரு சென்டிமீட்டர் மழையில் 3,400 வீட்டுக் கூரைகள் ஏந்தக்கூடிய நீர்! ஒரு வட்டத்தின் கூரைகள் போதுமே தோழர்களே, ஒரு ரயிலை நிறுத்த!

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் வந்தது. இந்தியாவுக்கே வழிகாட்டிய சட்டம். யார் ஆட்சியில் வந்தது என்று பார்த்துப் பாராட்டும் பழக்கம் நமக்கு வேண்டாம். நல்லதை நல்லது என்போம்.

ஆனால் சட்டம் வந்த பிறகு நடந்தது என்ன? அதிகாரி வருகிறார் என்றதும் குழாய் வந்தது. அதிகாரி போனதும் குழாய் நின்றது. இன்று மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு வீட்டில் அது பாதிச் சுவரில் முடிகிறது. ஒரு வீட்டில் சிமெண்டுத் தரையை முத்தமிடுகிறது. ஒரு வீட்டில் நேராகச் சாக்கடைக்கே வழிகாட்டுகிறது! குழாய் இருக்கிறது, குழி இல்லை. குழி இருக்கிறது, அதில் குப்பை இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து வைத்த குழாயில் சட்டம்தான் ஓடும், தண்ணீர் ஓடாது.

நீரைப் பிடித்துவைத்தால் கொசு வருமே, காய்ச்சல் வருமே என்று கடையநல்லூர்க்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் இந்த ஊரை உலுக்கியதை, உயிர்களைப் பறித்ததை, யார் மறக்க முடியும்? ஆனால் அந்தக் கொடுமையின் வேரைப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. மூடாமல் வைத்த நல்ல நீரில் முட்டையிடுகிறது. நாள் கடந்து வரும் குழாய் நீரை ஏழை எதில் பிடித்து வைப்பான்? குடத்தில் வைத்தான், அண்டாவில் வைத்தான், மூடியில்லாத தொட்டியில் வைத்தான். தட்டுப்பாடு தண்ணீரைத் தேக்கச் சொன்னது. தேங்கிய தண்ணீர் கொசுவை அழைத்தது. ஆகவே தட்டுப்பாட்டை ஒழிப்பதும் காய்ச்சலை ஒழிப்பதும் இரண்டு வேலை அல்ல, ஒரே வேலை. மழைநீரை மண்ணுக்குள் அனுப்பினால் கொசுவுக்கு அங்கே இடமில்லை. தொட்டியில் சேர்த்தால் இறுக்கமான மூடி போடுங்கள். குழாய் வாயில் கொசு புகாத வலை கட்டுங்கள். மூடியில்லாத தொட்டியை நாம் பரிந்துரைக்கவே இல்லை.

செய்வது எப்படி? பொறியாளரைத் தேடி அலைய வேண்டாம். நம் தெருக் கொத்தனார் போதும். மழைக்காலத்துக்கு முன் கூரையைக் கூட்டிச் சுத்தம் செய்க. முதல் மழையின் நீர் புழுதியும் பறவை எச்சமும் சுமந்து வரும். அதை வெளியே விட ஒரு திறப்பு வைக்க. அடுத்து வரும் நீரைக் கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய தொட்டி வழியே விடுக. வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதுதான் உங்கள் புதையல். வடிந்த நீரை அதில் இறக்குக. இந்த வட்டாரத்தில் மேல்மண்ணுக்கு அடியில் பாறை. நீர் உள்ளே புகுவது எளிதல்ல. ஆகவே தூர்ந்த கிணற்றில் குப்பை கொட்டி மூடுகிறவர், தம் பிள்ளையின் தண்ணீரை மூடுகிறார் என்று அறிக. தொட்டியில் சேர்த்த நீர் துவைக்க, துலக்க, குளிக்க உதவும். குடிப்பதானால் காய்ச்சிக் குடிக்க. பள்ளிவாசலில் ஒளுச் செய்து வழிகிற நீரும் மண்ணுக்குள் இறங்கட்டும். கோயில் கூரையின் நீர் தெப்பக்குளத்துக்குப் போகட்டும். வானத்துக்கு மதம் இல்லை. மழைக்குச் சாதி இல்லை.

கடையநல்லூருக்குச் சிங்கப்பூரைத் தெரியும். சிங்கப்பூருக்கும் கடையநல்லூரைத் தெரியும். கடல் கடந்து உழைக்கப் போன நம்மவர்கள் 1941-லேயே அங்கே சங்கம் கண்டார்கள். அந்த நகரத்தில் கடையநல்லூர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. அந்தத் தீவில் மலை இல்லை, பேராறு இல்லை. 1963-ல் தண்ணீருக்குப் பங்கீடு வைக்கும் அளவுக்குப் பஞ்சம் வந்தது. இன்று? தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை, வடிகால்கள் வழியே 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. சாக்கடைக்கு ஒரு வழி, மழைக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள், பிழைத்தார்கள். அங்கே உழைத்த கை, இங்கே அனுப்பிய பணத்தில் மாடி எழுந்தது. அந்த மாடியில் விழும் மழைக்கு மட்டும் அங்கே கற்ற பாடத்தைச் சொல்லித்தர மறந்துவிட்டோம்!

பணம் யார் தருவது? இதைக் கேட்காமல் எழுதுகிறவன் பாட்டாளியின் பக்கம் நிற்பவன் அல்லன். மூன்று மாடி கட்டியவர் தம் செலவில் செய்யட்டும். செய்யாவிட்டால் சட்டம் பேசட்டும். வாடகை வீட்டுக்கு உரிமையாளர் பொறுப்பேற்கட்டும். ஓட்டு வீட்டில் வாழும் நெசவாளியிடம், பீடித் தொழிலாளியிடம் அபராதச் சீட்டை நீட்டாதீர்கள்! அவர்களுக்குத் தெருவுக்கு ஒரு பொதுக்குழியை நகராட்சி தன் செலவில் தோண்டித் தரட்டும். அதற்கு முன்பு நகராட்சி அலுவலகத்தின் கூரை, அரசுப் பள்ளியின் கூரை, மருத்துவமனையின் கூரை, பேருந்து நிலையத்தின் கூரை ஆகியவற்றின் நீர் எங்கே போகிறது என்று மக்களுக்குக் காட்டட்டும். ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் தன் கூரையைப் பார்க்கட்டும்.

நமக்கும் அதே விதிதான். ஒவ்வொரு கிளையும் முதலில் தன் படிப்பகத்துக் குழாயைப் பார்க்கட்டும். கொடிக்கம்பம் நட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டத் தெரியாதா நமக்கு? சாரல் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்துத் தோழர்கள், நான்கு மண்வெட்டி, ஒரு தெரு. எத்தனை வீட்டில் குழாய் உண்டு, எத்தனை குழாய்க்குக் குழி உண்டு, எத்தனை கிணறு தூர்ந்து கிடக்கிறது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை நகராட்சி மன்றத்தில் வையுங்கள். பேச்சுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு; கணக்குக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 சென்டிமீட்டரை, வீட்டுக் குழிகள் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அளவுக்கு மீறி வரும் மழை வரட்டும், அதற்கு வேறு வழி காண்போம். அளவாக வரும் மழையை, ஆண்டுதோறும் வரும் மழையை, வாசல் வரை வந்து நிற்கும் மழையை ஏன் விரட்டுகிறோம் என்பதே நம் கேள்வி.

மேகம் ஓட்டுக் கேட்டு வருவதில்லை, வாக்குறுதி தருவதில்லை, வந்து கொடுத்துவிட்டுப் போகிறது. வாங்கிக்கொள்ளக் கூரை இருக்கிறது. குழியை வெட்டுங்கள்!