சாமத்தியவீட்டுப் படங்களும் சம்மதமும்

பெற்றோர் தம் பிள்ளைகளைப் படம் பிடித்து விறாந்தைச் சுவரிலே மாட்டுவதை எவரும் குற்றமென்னார். போரில் வீட்டோடு அல்பங்களையும் இழந்த எம்மவர்க்குப் படமொன்றின் பெறுமதியை எடுத்துரைக்கவும் வேண்டியதில்லை. காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தித் தெருவில் நிற்கும் தாய் அதனை நன்கறிவாள். ஆயின், அதனைச் சாட்டாக வைத்துச் சாமத்தியவீட்டுப் படப்பிடிப்பை நியாயப்படுத்துதல் பொருந்தாது.

பன்னிரண்டு வயதுச் சிறுமியை மணப்பெண்போற் சோடித்து, மணிக்கணக்கில் விளக்கொளியில் நிறுத்தி, இப்படிச் சிரி, அப்படித் திரும்பு என ஏவுகின்றனர். அவளுடலில் நிகழ்ந்த மாற்றம் வாசலிலே பதாகையாகின்றது. மறுநாள் முகநூலில் ஏறுகின்றது. முன்னர் இப்படங்களைப் பார்த்தோர் வீட்டுக்கு வந்த உறவினரே. அல்பத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டவும் முடிந்தது. இன்று அதற்கும் வழியில்லை. வகுப்பிலே அதைக் காட்டிச் சிரிப்போர் முன் நிற்க வேண்டியவள் அவள்தான்; தந்தையல்லர். (தேர்ச்சி அறிக்கையில் புள்ளி குறைந்தால் மூடிமறைப்பவரும் இவரே!) பூப்பெய்துதல் வெட்கத்துக்குரியதென நாம் கூறவில்லை. அச்செய்தியை எவரெவர் அறியலாமென அவள் தீர்மானிக்கட்டும் என்கிறோம்.

“எங்கள் பிள்ளை, எங்கள் படம்” என்பர். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை சிறுவரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கின்றது. 12ஆம் உறுப்புரை அவர்தம் கருத்துக்குச் செவிசாய்க்கக் கோருகின்றது. பிள்ளையின் படவுரிமையைப் பேணும் கடமையைப் பிரான்சு 2024இல் சட்டத்தால் பெற்றோர்மீதே சுமத்தியது. படப்பிடிப்பாளருக்கு முற்பணம் கொடுக்குமுன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எத்தனை பேர்? அவள் வேண்டாமென்றால் பதாகையையும் முகநூற் பதிவையும் நிறுத்துங்கள், விருந்து நடக்கட்டும்.