வரைபடம் ஏன் எதிர்ப்பக்கம் நகர்கிறது?

பதினோராம் வகுப்பில் சார்புகளின் வரைபடங்களை உருமாற்றும் பாடம் வந்ததும், மாணவர்கள் ஒரு விதியை நெட்டுருப் போடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் எக்ஸுடன் ஓர் எண்ணைக் கூட்டினால் வரைபடம் இடப்பக்கம் போகும். கழித்தால் வலப்பக்கம் போகும். ஏன் இந்தத் தலைகீழ்? அதைச் சொல்லிக்கொடுக்காமல் விதியை மட்டும் ஒப்பிக்க வைப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

காரணத்தை விளக்க வானிலைச் செய்தியே போதும். மழையளவு காலை 8.30 மணி நிலவரப்படி என்று நாளிதழ்களில் வருகிறது. உலகப் பொது நேரப்படி அது அதிகாலை 3 மணி. இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஒரு நாளின் வெப்பநிலையை உலக நேரப்படி வரைந்த வரைபடம் ஒன்றை இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை 8.30-க்கான வெப்பநிலை வேண்டுமென்றால், ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, பழைய வரைபடத்தில் 3 மணிக்கு நேரே பார்க்க வேண்டும். அங்கே இருந்த புள்ளிதான் புதிய வரைபடத்தில் 8.30-க்கு வந்து நிற்கிறது. கழித்தோம், புள்ளி வலப்பக்கம் வந்துவிட்டது.

விதியே போதும், தேர்வில் நேரம் மிச்சமாகும் என்பார்கள். ஒரே ஒரு நகர்வு உள்ள கணக்குக்கு அது சரி.

பெருக்கலும் சேர்ந்துவிட்டால் விதி காலை வாரிவிடும். வர்க்கமூலச் சார்பின் வரைபடத்தில் (4, 2) ஒரு புள்ளி. 2எக்ஸ் − 6-இன் வர்க்கமூலத்தை 3-ஆல் பெருக்கி 1 கூட்டினால் கிடைக்கும் சார்பில் அது எங்கே போகும்? 4-ஐப் பாதியாக்கி, 6 நகர்த்தி, 8 என்று எழுதுபவர்கள் உண்டு. எக்ஸுக்கு 8 என்று போட்டால் வர்க்கமூலத்துக்குள் 10 வருகிறது. வர வேண்டியதோ 4. உள்ளே 4 வர எக்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் நேர்வழி: 6-ஐக் கூட்டி, பிறகு பாதியாக்கினால் 5. வெளியே இருப்பவை எழுதியபடியே நடக்கும்: 2-ஐ 3-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 7. புதிய புள்ளி (5, 7).

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவருக்குத் தனி விதியே வேண்டாம். எனவே, வினாத்தாள்கள் புள்ளியை மட்டும் கேட்காமல், அதைச் சார்பில் இட்டுச் சரிபார்க்கும் படியையும் கேட்க வேண்டும். அந்தப் படிக்கென்று தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.