மூணாவது பங்கு காற்று யாருக்கு?

எனக்கு வர்ற எக்ஸெல் ஷீட்டுல முக்கால்வாசி வீடு, கார், கல்யாணம் இந்த மூணுல ஒண்ணா இருக்கும். போன மாசம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்தது வேற மாதிரி. ஃபைல் பேரு 'மெக்சிகோ ஃபைனல் 2'. அனுப்பினவன் 29 வயசு, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. கம்பெனி அவனை ரெண்டு வருஷம் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பியிருந்தது. அங்கே வாரக் கடைசியில ஸ்கூபா கத்துக்கிட்டு, அதுல இருந்து கேவ் டைவிங்குக்குப் போய், ஊர் திரும்புறதுக்கு முந்தின மாசம் முதல் லெவல் சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்கான். இப்போ 14 நாள் மெக்சிகோ போய் தண்ணிக்கு அடியில இருக்கிற குகைகளை 'எக்ஸ்ப்ளோர்' பண்ணணுமாம். மொத்த செலவு ₹4,80,000. கையில இருக்கிற எஃப்டி ₹1,80,000, மீதி ₹3,00,000 பர்சனல் லோன். கீழே ஒரு வரி: "அண்ணா, ஓகேவான்னு மட்டும் சொல்லுங்க."

முதல்ல எனக்குத் தோணினது, உங்க வீட்டுப் பெரியப்பா சொல்றதுதான். ஏன்டா, பாதாளத்துல போய் விழணும்னு வேண்டுதலா? ஆனா தெரியாத விஷயத்துக்கு "வேண்டாம்"னு சொல்றது சுலபம். அதுக்கு ஃபீஸ் வாங்கக் கூடாது. எனக்கு நீச்சல் தெரியாது, மெரினாவுல கால் நனைக்கிறதோட சரி. இருந்தாலும் மூணு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

யூகடான் தீபகற்பம் முழுக்க சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி நிலத்து மேல ஆறா ஓடாம, பாறைக்குள்ள இறங்கி அடியில ஓடுது. அங்கங்கே மேல்கூரை இடிஞ்சு கிணறு மாதிரி திறந்திருக்கிற இடம்தான் செனோட்டே. பனியுக காலத்துல கடல்மட்டம் ரொம்பக் கீழே இருந்தப்போ இந்தக் குகையெல்லாம் காய்ஞ்சு கிடந்தது. அப்போ சொட்டுச் சொட்டா உருவான சுண்ணாம்புத் தூண்கள், பின்னாடி கடல் ஏறினதும் அப்படியே முழுகிடுச்சு. 2007ல ஓயோ நெக்ரோங்கிற பள்ளத்துல டைவர்கள் ஒரு டீன் ஏஜ் பொண்ணோட எலும்புக்கூட்டைக் கண்டுபிடிச்சாங்க. 12,000 வருஷத்துக்கும் மேல பழசு. 2018ல சாக் ஆக்டூன், டோஸ் ஓஹோஸ் ரெண்டும் ஒரே குகைதான்னு தெரிஞ்சப்போ மொத்த நீளம் சுமார் 347 கிலோமீட்டர். சென்னையில கிளம்பி திருச்சி போற தூரம், பூமிக்கு அடியில, தண்ணிக்குள்ள. மேல நல்ல தண்ணி, கீழே உப்புத்தண்ணி. ரெண்டும் சேர்ற இடத்துல கண்ணு முன்னாடி எல்லாமே எண்ணெய் பூசின மாதிரி கலங்குமாம்.

இதைப் படிச்சப்புறம் "வேஸ்ட்"ங்கிற வார்த்தை எனக்கு வாயில வரல. பைனான்ஸ் பேசுறவங்க கிட்ட (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. வருமானம் தராத எந்த ஆசைக்கும் 'லயபிலிட்டி'ன்னு முத்திரை குத்திடுவோம். 29 வயசுல ஒருத்தன் இப்படி ஒரு இடத்தைப் பார்க்க ஆசைப்படுறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். என் சண்டை வேற. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, அவனுக்கே மனப்பாடமா தெரிஞ்ச ஒரு கணக்கை உங்களுக்குக் காட்டணும்.

கடல்ல டைவ் பண்றப்போ பிரச்சினைன்னா மேல வரலாம். குகையில மேல பாறை. வந்த வழியேதான் திரும்பணும். ஃப்ளோரிடாவுல சில குகை வாசல்ல, தண்ணிக்கு அடியில, கையில அரிவாளோட எமன் படம் போட்டு போர்டு வெச்சிருக்காங்க. பயிற்சி இல்லாம உள்ளே போகாதே, ஸ்கூபா சொல்லித்தர்றவங்களே செத்திருக்காங்கன்னு எழுதியிருக்கும். அதனால கேவ் டைவிங்குக்குன்னு சில விதிகள் இருக்கு. இதுல பெரிய பேரு ஷெக் எக்ஸ்லி. ஃப்ளோரிடாவுல கணக்கு வாத்தியாரா இருந்தவர். நடந்த விபத்துகளை ஒவ்வொண்ணா பிரிச்சு ஆராய்ஞ்சு 1979ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதோட சாரம்: வெளிவாசல் வரைக்கும் அறுபடாத கயிறு இருக்கணும், மூணு விளக்கு இருக்கணும், ஆழத்துக்கு ஒரு எல்லை இருக்கணும், இருக்கிற காற்றுல மூணுல ஒரு பங்கை மட்டுமே உள்ளே போகச் செலவு பண்ணணும்.

அந்த மூணுல ஒண்ணுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டேங்க்ல 180 பார் காற்று இருக்குன்னு வெச்சுக்குவோம். 60 செலவாகிற வரைக்கும் உள்ளே போகலாம். மீட்டர்ல 120 காட்டினா, எவ்வளவு அழகான இடமா இருந்தாலும் திரும்பிடணும். வெளியே வர இன்னொரு 60. மிச்சம் 60 இருக்கும். அது எதுக்குன்னு கேட்டேன். "எமர்ஜென்சிக்கு அண்ணா"ன்னான். யாரோட எமர்ஜென்சின்னு கேட்டதும் ஒரு நிமிஷம் பேசல.

ஏன்னா அந்த மூணாவது பங்கு அவனுக்கானது இல்ல. கணக்கு இப்படிப் போகுது. குகையோட ஆகக் கடைசி புள்ளியில, திரும்பப் போற நேரத்துல, கூட வந்த பார்ட்னரோட காற்று மொத்தமா போச்சுன்னு வைங்க. இப்போ ரெண்டு பேரும் ஒருத்தர் டேங்க்ல மூச்சு விட்டுக்கிட்டு வெளியே வரணும். உனக்கு 60, அவனுக்கு 60. சரியா 120. வாசலுக்கு வர்றப்போ மீட்டர்ல பூஜ்யம். ஒரு சொட்டு கூட மிச்சமில்ல. அதுவும் அந்த ஆள் பயத்துல வேகமா மூச்சு விடாம இருந்தாத்தான். அதனாலதான் மூணுல ஒண்ணுங்கிறது தாராளமான விதி இல்ல, ஆகக் குறைஞ்ச விதின்னு சொல்றாங்க. புதுசா படிச்சவங்களுக்கு இன்னும் இறுக்கம். இவன் படிச்ச கோர்ஸ்ல ரெண்டு டேங்க் மாட்டினா ஆறுல ஒரு பங்குதான் உள்ளே போக அனுமதி. அதாவது 180ல 30.

இப்போ எக்ஸெலுக்கு வருவோம். கையில வர்ற சம்பளம் ₹1,05,000. வீட்டுச் செலவு மாசம் ₹60,000. அதுல தஞ்சாவூர்ல இருக்கிற அம்மாவோட வாடகை, மருந்து, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம் அடக்கம். அப்பா இல்ல. இவன் ஃப்ளோரிடாவுல இருந்தப்போ தவறிட்டார். அப்போ அந்த ₹1,80,000 எஃப்டி என்ன? சரியா மூணு மாசக் காற்று. நாளைக்கு இவன் வேலை போனா அதுல மூச்சு விடப் போறது இவன் மட்டும் இல்ல, தஞ்சாவூர்ல ரெண்டு பேரும்தான். தண்ணிக்குள்ள பார்ட்னரோட பங்குல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுவான். தரையில அதைத்தான் முதல் வரியிலயே செலவுன்னு எழுதி அனுப்பியிருந்தான்.

லோன் கணக்கை நீளமா சொல்ல வேண்டியதில்ல. ₹3,00,000, 14% வட்டி, 24 மாசம்: இஎம்ஐ சுமார் ₹14,400. வட்டி மட்டும் ₹45,000க்கு மேல, ப்ராசஸிங் ஃபீஸ் தனி. அதே ₹14,400ஐ மாசாமாசம் ஆர்டியில போட்டா 20, 21 மாசத்துல மூணு லட்சம் கையில வந்துடும். போயிட்டு வந்து கட்டுறதைவிட, கட்டிட்டுப் போனா சீக்கிரம் முடியுது.

இதுக்கு அவன் ஒரு நியாயமான பதில் சொன்னான். "அண்ணா, ரெண்டு வருஷம் விட்டா கத்துக்கிட்டது துரு பிடிச்சிடும். குகையில துரு பிடிச்ச ஆள் ஆபத்து." உண்மைதான், இதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனா அவனோட சர்ட்டிஃபிகேட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன் (ஆடிட் புத்தி, எந்தப் பேப்பரையும் விடாது). முதல் லெவல். அதுல மெயின் கயிறை விட்டு விலகக் கூடாது. பக்கத்துக் கிளைக்குப் போகணும்னா நடுவுல தனிக் கயிறு கட்டி இணைக்கணும், அது அடுத்த லெவல்ல சொல்லித்தர்றது. எக்ஸெல்ல ரெண்டாவது வாரம் பூரா இவன் எழுதியிருந்தது அந்த மாதிரி இடங்கள்! போகவே முடியாத ஒரு வாரத்துக்குத்தான் லோன். நான் சிஏ பாஸ் பண்ண புதுசுல, சட்டப்படி கையெழுத்துப் போடத் தகுதி வந்தும் சீனியர் என்னை ஒரு வருஷம் ஸ்டாக் எண்ணவே அனுப்பினார். அப்போ கோபம் வந்தது, இப்போ வரல.

ஆக, 14 நாள் 7 நாளாச்சு. லோக்கல் கைடோட, மெயின் கயிறுல மட்டும். செலவு ₹2,75,000. மார்ச் போனஸ் ₹1,25,000, மிச்சத்துக்கு மாசம் ₹15,000 வீதம் பத்து மாசம். எஃப்டியைத் தொடல. துரு பிடிக்காம இருக்க பாண்டிச்சேரியில மாசம் ஒரு டைவ். கண்ணை மூடிக்கிட்டுக் கயிறைப் பிடிச்சே நடக்கிற பயிற்சியைத் தரையிலயே பண்ணலாமாம். அபார்ட்மென்ட் பார்க்கிங்ல தூணுக்குத் தூண் கயிறு கட்டிப் பண்றான். வாட்ச்மேன் என்ன நினைக்கிறாரோ.

செலவு கணக்கு முடிஞ்சது. ஆனா என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஷீட்லயே இல்லாத விஷயம். ஊர் திரும்பின கையோட ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி எடுத்திருக்கான். நல்ல பையன். ப்ரபோசல் ஃபார்ம்ல "ஸ்கூபா, மலையேற்றம் மாதிரி ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா?"ன்னு ஒரு கேள்வி இருக்கும். அதுல 'இல்லை'. ஏன்னு கேட்டா, "ஏஜென்ட் அப்படியே டிக் பண்ணிட்டார், ப்ரீமியம் ஏறிடும்னார்." இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 45படி, பாலிசி மூணு வருஷம் கடந்துட்டா கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. அதுக்குள்ள, முக்கியமான உண்மையை மறைச்சிருந்தா க்ளெய்மை நிராகரிக்க வழி இருக்கு. இவன் பாலிசிக்கு எட்டு மாசம்தான் ஆகுது. குகையில ஏதாவது ஆச்சுன்னா அந்த ஒரு கோடி அம்மா கைக்கு வர்றதுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல. மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருன்னு சொல்ற ஆலோசகர்கள் இருக்காங்க, நான் அந்தக் கட்சி இல்ல. அன்னைக்கே கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னேன். பதிலுக்கு டைவிங் பத்தி நாலு பக்கக் கேள்வித்தாள் வந்திருக்கு. ப்ரீமியம் ஏறலாம், இல்ல டைவிங் சாவுக்கு மட்டும் பணம் இல்லைன்னு எழுதலாம். எதுவா இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சா போதும்.

ட்ராவல் இன்சூரன்ஸும் அப்படித்தான். சாதாரணத் திட்டங்கள்ல சாகச விளையாட்டு பெரும்பாலும் விலக்குப் பட்டியல்ல இருக்கும். 'ஸ்கூபா கவர் உண்டு'ன்னு போட்டிருந்தாலும் குகைக்கு உண்டான்னு பாலிசி வாசகத்தைப் படிங்க, விளம்பரத்தை இல்ல. டைவர்களுக்குன்னே டான் அமைப்போட திட்டங்கள் இருக்கு. அதையும் அதே கண்ணோட படிக்கணும். சின்ன விஷயங்களும் இருக்கு. கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% வரை போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது போன பணம் இல்ல. 2024 அக்டோபர்ல இருந்து கம்பெனி ஹெச்ஆர்கிட்டச் சொல்லி சம்பள டிடிஎஸ்ல கழிச்சுக்கலாம்.

கடைசியா பிஎஃப் நாமினி யாருன்னு கேட்டேன். பார்த்துட்டுச் சொல்றேன்னான். ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அப்பா பேரு. ரெண்டு எஃப்டியோட நாமினியும் அப்பா. யாரும் தப்பா பண்ணல, யாரும் மாத்தல, அவ்வளவுதான். உங்கள்ல எத்தனை பேருக்கு அப்படி இருக்குன்னு இந்தப் பத்தியை முடிச்சதும் போய்ப் பாருங்க. யுஏஎன் போர்ட்டல்ல ஆதார் ஓடிபி போட்டு பத்து நிமிஷ வேலை.

நேத்து மெசேஜ் போட்டிருந்தான். மூணு இடத்துலயும் அம்மா பேரு ஏறியாச்சு. டேர்ம் கேள்வித்தாள் அனுப்பியாச்சு, பதில் வரல. ஆர்டியில ரெண்டு தவணை போயாச்சு. அம்மாகிட்ட என்னடா சொல்லியிருக்கேன்னு கேட்டேன். "மெக்சிகோவுல நல்ல பீச் இருக்கும்மான்னு சொல்லியிருக்கேன் அண்ணா." அதுக்கு நான் பதில் போடல. இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.