பாட்டியோடு போன மொழி

2010-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அந்தமானில் ஒரு பாட்டி காலமானார். அவர் பெயர் போவா. வயது சுமார் 85.

அவரோடு ஒரு மொழியும் மாண்டது!

அந்த மொழியின் பெயர் 'போ'. அதைப் பேசத் தெரிந்த கடைசி ஆள் அவர்தான். தாயார் இறந்தபின் பல ஆண்டுகள், தம் சொந்த மொழியில் ஒரு வார்த்தை பேசக்கூட அவருக்குத் துணை இல்லை. சுற்றத்தாரிடம் இந்தியில் பேசினார். பறவைகளிடம் தம் மொழியில் பேசினார். தம் பேச்சு பறவைகளுக்குப் புரியும் என்று நம்பினார்.

இந்தப் பரிதாப நிலை எப்படி வந்தது?

'பெரிய அந்தமானியர்' என்பவர்கள் அந்தத் தீவுகளின் ஆதிக்குடிகள். காட்டில் வேட்டையாடினார்கள். கடலில் மீன் பிடித்தார்கள். அவர்களுக்குள் பத்துக் கூட்டங்கள், பத்து மொழிகள். பத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே குடும்பம்.

1858-ல் வெள்ளையர் அங்கே கைதிகளைக் குடியேற்றினர். கப்பலில் கைதிகள் வந்தார்கள். கூடவே நோயும் வந்தது. 1877-ல் தட்டம்மை பரவி ஏராளமானோர் மாண்டனர். ஆயிரக்கணக்கில் இருந்த மக்கள், 1901-ம் ஆண்டு கணக்கெடுப்பில் 625 பேர்தான். 1961-ல் வெறும் 19 பேர்!

மிஞ்சியவர்களை அரசாங்கம் ஒரு சிறு தீவில் குடியமர்த்தியது. பிறகு தலைக்கட்டு பெருகியது. ஐம்பது பேர் அளவுக்கு வந்தார்கள். ஆனால் மொழி பெருகவில்லை! ஏன்? பிள்ளைகள் இந்தியே பேசி வளர்ந்தார்கள். 2009-ல் 'கோரா' மொழி போயிற்று. 2020-ல் லிச்சோ என்ற மூதாட்டியுடன் 'சாரே' மொழியும் போயிற்று. 'ஜேரு' மொழி சில முதியவர்களின் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேராசிரியை அன்விதா அப்பி இந்த முதியவர்களோடு பல காலம் இருந்து, பேச்சைப் பதிவு செய்தார். 2012-ல் அகராதி வெளியிட்டார். அரிய தொண்டு! ஆனால் அகராதி தாலாட்டுப் பாடுமா?

அந்தமான் தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நம் பக்கத்து நீலகிரியில் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இருக்கின்றன. இரண்டும் தமிழின் உறவு மொழிகள். ஒவ்வொன்றையும் பேசுவோர் மிகச் சிலரே. அழியும் ஆபத்தில் உள்ள மொழிகள் என்று இரண்டையும் யுனெஸ்கோ குறித்திருக்கிறது.

இன்னும் பக்கத்தில் பாருங்கள். திருமுருகன்பூண்டி லைன் வீடுகளில் வடக்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இருக்கின்றன. "இந்திக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிகளும் உண்டு. அவர்கள் வீட்டில் பேசுவது சந்தாலியாக இருக்கலாம், முண்டாரியாக இருக்கலாம். பனியன் கம்பெனியில் இந்தி பேசுகிறார்கள். கடையில் தமிழ் பேசுகிறார்கள். தாய் மொழிக்கு வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. அங்கேயும் அது நின்றுவிட்டால்?

பிழைப்புக்குப் பல மொழி வேண்டும். தமிழ் கற்க வேண்டும், இங்கிலீஷும் கற்கலாம். அதற்காகத் தாய்மொழியைத் துறக்க வேண்டியதில்லை. குழந்தையின் தலை இரண்டு மூன்று மொழிகளைத் தாராளமாகத் தாங்கும்.

பூண்டிச் சிற்பிகளைக் கேளுங்கள். சிலை உடைந்தால் வேறொன்று செதுக்கிவிடலாம். பேச்சு நின்றுபோன மொழியை அப்படிச் செதுக்க முடியாது.

ஆகவே தாய்மார்களே! வேலை முடிந்து வந்து எவ்வளவு களைப்பாக இருந்தாலும், இரவில் பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள். உங்கள் பாட்டி சொன்ன அதே பேச்சில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "உங்கள் ஊர்ப் பேச்சு என்ன?" என்று அன்போடு கேளுங்கள். அவர் வெட்கப்படாமல் தம் பிள்ளையோடு அதில் பேசட்டும்.

போவா பாட்டிக்குக் கிடைக்காத துணை, நம் ஊரில் எந்தப் பாட்டிக்கும் கிடைக்காமல் போகக் கூடாது.